டிபி மாத்திரையும் விழுந்துபோன கையும்

சைக்ளோசெரின் 1950களில் வந்த காசநோய் மருந்து. பக்கவாதத்தில் விழுந்த கையை மீட்கவும் அதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். டி-அலனைன் என்ற அமினோ அமிலம் மாதிரியே இருக்கும், கிருமி ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்ள, செல்சுவர் கட்டும் வேலை நின்றுவிடும். மற்ற மருந்துகளுக்கு அடங்காத டிபிக்கு இன்றும் தருகிறார்கள். ஆனால் சாப்பிடுபவர்களில் சிலருக்குத் தூக்கம் கெடும், மனம் குழம்பும், வலிப்புகூட வரும். டாக்டர்களே இதைக் கிண்டலாக ‘சைக்கோசெரின்’ என்பதுண்டு.

அப்படியென்றால் மருந்து மூளைக்குள் போய் எதையோ தொடுகிறது, இல்லையா? தொடுவது என்எம்டிஏ என்ற ஏற்பியை. நரம்பு செல்லில் இருக்கும் இரட்டைப் பூட்டுக் கதவு அது. குளூட்டமேட் என்ற சேதி கடத்தும் வேதிப்பொருள் மட்டும் வந்தால் திறக்காது, கிளைசின் அல்லது டி-செரின் என்ற அமினோ அமிலமும் கூடவே வந்து உட்கார வேண்டும். சைக்ளோசெரின் அந்த இரண்டாவது பூட்டுக்கு அரைகுறையாகப் பொருந்தும் சாவி. கதவு திறந்தால் கால்சியம் உள்ளே போகும், செல்களுக்கு இடையிலான இணைப்பு பலப்படும். நாம் எதையும் கற்றுக்கொள்வதில் பெரும்பங்கு இதற்குத்தான். 2004இல் அமெரிக்காவில், உயரத்தைக் கண்டு பயப்படுபவர்களுக்கு, அந்தப் பயத்தைப் போக்கும் பயிற்சிக்குக் கொஞ்சம் முன்னால் இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பயம் நன்றாகவே குறைந்தது.

சரி, பக்கவாதத்துக்கு எங்கே வந்தது? ஒரு பக்கம் விழுந்தவர் எல்லாவற்றையும் நல்ல கையாலேயே செய்து பழகிவிடுவார், விழுந்த கையில் மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்ச அசைவும் மறந்துபோகும். அமெரிக்காவின் அலபாமாவில் எட்வர்ட் டாப் என்ற உளவியல் ஆய்வாளர் இதற்கு ஒரு முரட்டு வைத்தியம் சொன்னார்: நல்ல கைக்குத் தடித்த உறை மாட்டிவிட்டு, மோசமான கையாலேயே சட்டைப் பொத்தான் போடு, காசைப் பொறுக்கு என்று தினமும் மணிக்கணக்கில் பயிற்சி. வாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதமான 222 பேரிடம் நடந்த சோதனையில் இது பலன் தந்தது. 2006இல் முடிவு வெளியானது.

கற்றலைத் தூண்டும் மாத்திரை, கற்றாக வேண்டிய கை. இரண்டையும் சேர்த்தால்? எனக்கே ஆசையாக இருந்த யோசனைதான். 2014இல் வெளியான சிறு ஆய்வுகளில் மருந்தால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. பயம் மறப்பதும் விரல் பழகுவதும் மூளையில் வேறு வேறு இடத்து வேலை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அரைகுறைச் சாவி என்பதும் கவனிக்க வேண்டியது: பூட்டில் ஏற்கெனவே கிளைசின் நிறைய இருந்தால், இது உதவுவதற்குப் பதில் அதன் இடத்தைத்தான் பிடித்துக்கொள்ளும்.