அரசியலமைப்புக்கு உட்பட்ட முடியாட்சி

அரசர் இருந்தாலும் அரசியலமைப்பு விதித்த எல்லைக்குள்தான் இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை ஆங்கிலத்தில் கான்ஸ்டிட்யூஷனல் மொனார்க்கி என்பார்கள். அதைத் தமிழில் சுருக்கமாக 'அரசியலமைப்பு முடியாட்சி' என்றும் எழுதுகிறார்கள். நீளமானாலும் 'அரசியலமைப்புக்கு உட்பட்ட முடியாட்சி' என்பதே எனக்குப் பிடிக்கும். 'உட்பட்ட' என்பதில்தான் இதன் உயிரே இருக்கிறது.

மொனார்க்கி கிரேக்க வழி வந்தது. 'மொனோஸ்' தனி, 'ஆர்க்கெயின்' ஆளுதல், ஒருவரே ஆள்வது. இன்றைய பிரிட்டனுக்கு இது பொருந்தவில்லை, அங்கே அரசர் ஆள்வதில்லை. தமிழ்ச் சொல்லோ ஆளைச் சொல்லாமல் தலையிலுள்ள முடியைச் சொல்கிறது. சேர சோழ பாண்டியரை 'முடியுடை மூவேந்தர்' என்றது போல. ஆங்கிலேயர் சட்டத்திலும் அரசு என்பதற்கு 'கிரௌன்', அதாவது முடி, என்றே பெயர். குற்ற வழக்கு நடத்துவதும் கிரௌன்தான். ஆக, மூலத்தைவிடத் தமிழ்தான் நிலைமையைச் சரியாகச் சொல்கிறது!

'உட்பட்ட' சும்மா வந்துவிடவில்லை. 1215-ல் ரன்னிமீடு புல்வெளியில் இங்கிலாந்தின் ஜான் மன்னர், அரசரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே என்ற மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு முத்திரை வைத்தார். சில வாரங்களிலேயே போப்பாண்டவர் அது செல்லாது என்றார். 1649-ல், நாடாளுமன்றத்தோடு மோதித் தோற்ற முதலாம் சார்லஸுக்கு முடியோடு தலையும் போனது. 11 ஆண்டுகள் அரசரே இல்லை, அப்புறம் 1660-ல் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

உண்மையான திருப்பம் 1688. இரண்டாம் ஜேம்ஸ் பிரான்ஸுக்கு ஓடிவிட, அவர் மகள் மேரிக்கும் மருமகன் வில்லியமுக்கும் நாடாளுமன்றமே முடியைக் கொடுத்தது. 1689-ன் உரிமைச் சட்டம் அரசரின் கையைக் கட்டியது: நாடாளுமன்றம் இசையாமல் சட்டத்தை நிறுத்தி வைக்கக் கூடாது, வரி போடக் கூடாது, அமைதிக் காலத்தில் படை வைத்துக்கொள்ளக் கூடாது. 1708-ல் ஆன் அரசி ஸ்காட்லாந்துப் படை மசோதா ஒன்றுக்கு ஒப்புதல் மறுத்தார். அதற்குப் பிறகு எந்த அரசரும் மறுத்ததில்லை.

சரி, உட்பட்டது எதற்கு? அரசியலமைப்பு என்றதும் நமக்குத் தடித்த புத்தகம் ஒன்று நினைவுக்கு வரும். பிரிட்டனில் அப்படி ஒரே நூல் கிடையாது. பல காலச் சட்டங்கள், தீர்ப்புகள், எழுதாத மரபுகள் எல்லாம் சேர்ந்ததுதான் அது. அரசியல் அமைந்திருக்கும் விதம் என்று பிரித்துப் படித்தால் குழப்பம் இல்லை.

முடியாட்சிக்கு எதிர்ச்சொல் குடியாட்சி, அதாவது மக்களாட்சி, என்று பள்ளியில் எழுதியிருப்போம். எதுகைக்கு அழகுதான். ஆனால் பிரிட்டனில் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. எதிராக நிற்கும் சொல், அரசரே இல்லாத குடியரசு.