மெய்நிகர் களப்பயணம்

நிலவியல் வகுப்புகளில் விர்ச்சுவல் ஃபீல்ட் டிரிப் என்று புழங்குவதைத் தமிழில் மெய்நிகர் களப்பயணம் என்கிறோம். பாறை இருக்கும் இடத்துக்கு நேரில் போகாமல், அங்கே எடுத்த அகன்ற படங்களையும் டிரோன் படங்களிலிருந்து உருவாக்கிய முப்பரிமாண மாதிரிகளையும் வைத்துக் கல்லூரி மாணவர்கள் செய்யும் கள ஆய்வு இது. 2020இல் கொரோனாவால் களப்பயிற்சிகள் நின்றுபோனபோது பல ஆசிரியர்கள் இதன் பக்கம் திரும்பினார்கள்.

'விர்ச்சுவல்' லத்தீன் வழி வந்தது. 'விர்' என்றால் ஆண். அதிலிருந்து பிறந்த 'விர்ட்டூஸ்' ஆண்மை, ஆற்றல், சிறப்பு என்று விரிந்தது. ஆங்கிலத்துக்கு வந்தபின், வடிவில் வேறானாலும் பயனில் அதுவே என்ற பொருள் நிலைத்தது. பின்னாளில் கணினித் துறை அதை எடுத்துக்கொண்டது. ஆக, இந்தச் சொல்லில் போலி என்ற பொருள் இல்லை. இயற்பியல் பாடத்தில் கண்ணாடிக்குள் தெரிவதை மாயபிம்பம் என்று படித்திருப்போம். அந்த வழக்கைப் பார்த்து இதையும் 'மாயப் பயணம்' என்று சொல்வது சரியில்லை.

ஏன் என்பதற்கு ஸ்காட்லாந்தின் சிக்கர் பாயிண்ட் நல்ல சான்று. 1788இல் ஸ்காட்லாந்து நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் படகில் போய்ப் பார்த்த கடலோரப் பாறை அது. கீழே கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும் சாம்பல் அடுக்குகள். அவற்றின் தலைமேல் லேசாகச் சாய்ந்து படிந்த செம்மணற்கல். இரண்டுக்கும் நடுவே சுமார் 6.5 கோடி ஆண்டு இடைவெளி. மாணவர் முப்பரிமாண மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், அடுக்குகளின் சாய்வை அளக்கிறார். அடியில் படிந்தது நிமிர்ந்து, தேய்ந்து, அப்புறம்தான் மேலே மணல் படிந்தது என்று தானே கண்டுபிடிக்கிறார். அளந்தது நிஜப் பாறையைத்தான்.

'களம்' என்ற சொல்லும் வெகு பொருத்தம். நெற்களம், போர்க்களம் என்று வேலை நடக்கிற இடத்துக்கே அந்தப் பெயர். அதனால் 'மெய்நிகர் சுற்றுலா' என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. ஆசிரியர் ஓட்டும் காணொளியைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்கு வேண்டுமானால் அந்தப் பெயர் பொருந்தும். எங்கே நின்று பார்ப்பது, எதை அளப்பது என்று மாணவரே முடிவெடுத்தால்தான் அது களம்.

'மெய்' என்பதில் இன்னொரு நயமும் இருக்கிறது. மெய் என்றால் உண்மை, உடம்பும் மெய்தான். மெய், வாய், கண், மூக்கு, செவி என்ற ஐம்பொறிகளில் தொட்டறியும் பொறி அது. திரைவழிப் பயணத்தில் கண்ணுக்கு நிறைய வேலை. சில நேரம் நேரில் ஏற முடியாத பாறைமுகத்தைக்கூட நெருங்கிப் பார்த்துவிடலாம். ஆனால் மெய்க்கு வேலை இல்லை. மணற்கல்லின் சொரசொரப்பு விரலில் படாது. சுண்ணாம்புக்கல்லில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டதும் நுரைத்துக்கொண்டு எழுமே, அந்தச் சோதனையைத் திரையில் செய்ய முடியாது. நல்ல ஆசிரியர்கள் இதை அறிந்து, கணினிக்குப் பக்கத்தில் கைக்கு அடக்கமான பாறைத் துண்டுகளையும் ஒரு கைலென்ஸையும் வைத்துவிடுகிறார்கள்.