ஜெர்கின்: சொல்லும் பொருளும், நேரான தமிழும்

‘ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்கேன்’ என்று தமிழ்நாட்டில் யார் சொன்னாலும் அது சேலைக்கான ரவிக்கைதான். ஆங்கிலத்தில் மேலே மாட்டும் உடுப்பைக் குறிக்கும் அந்தச் சொல் இங்கே ரவிக்கைக்குப் போய்விட்டது. குளிருக்கு மாட்டும், ஜிப் வைத்த தடித்த மேலுடுப்பை ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ‘ஜெர்கின்’ என்கிறோம். எழுத்தில் ஜர்கின், ஜெர்க்கின் என்றும் வரும். ஜாக்கெட் என்ற பெயர் காலியாக இல்லாததே இந்தச் சொல் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் ஜெர்கின் 16ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கும் சொல். அதன் வேர் எது என்று சொல்லாய்வாளர்களுக்கே துலங்கவில்லை. அன்று அது உடம்பை ஒட்டிய, பெரும்பாலும் கையில்லாத, தோலால் ஆன குறுஞ்சட்டை. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படைவீரர்கள் சீருடைக்கு மேல் மாட்டிய, உள்ளே கம்பளித் துணி வைத்த கையில்லாத தோல் உடுப்புக்கும் இதே பெயர்தான். இன்றும் ஆங்கிலத்தில் ஜெர்கின் என்றால் கையில்லாததே முதலில் நினைவுக்கு வரும். நம் ஜெர்கினுக்கோ முழுக்கை உண்டு, தொப்பி உண்டு, தோல் கிடையாது. பெயரை எடுத்துக்கொண்டு பொருளை மாற்றிவிட்டோம். மொழிகளுக்கு இடையே இது அன்றாடம் நடப்பதுதான். ‘ஸ்வெட்டர்’ என்ற சொல்லும் ஆங்கிலத்தில் வியர்வையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. உடற்பயிற்சியின்போது வியர்க்க வைப்பதற்காகப் போட்ட உடுப்பு அது. இங்கே அது குளிருக்கான பின்னல் சட்டை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழில் ஜெர்கின் என்ற ஒரே சொல் மூன்று வேறு உடுப்புகளை மூடி மறைக்கிறது. காற்றைத் தடுக்கும் மெல்லிய பாராசூட் துணி உடுப்பும் ஜெர்கின், மழையைத் தடுப்பதும் ஜெர்கின், உள்ளே பஞ்சோ இறகோ அடைத்துச் சூட்டைப் பிடித்துவைப்பதும் ஜெர்கின். கோயம்புத்தூரில் ‘நல்ல ஜெர்கின்’ என்று கேட்டு வாங்கியவர், ஜனவரி இரவில் கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து நடுங்குவதற்கு இதுதான் காரணம். அவர் வாங்கியது பாராசூட் துணியும் உள்ளே ஒரு வலைத்துணியும். காற்று நின்றுவிடும், சூடு நிற்காது.

ஆகவே ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று மாற்றுவதில் பயனில்லை. மூன்று வேலைக்கும் மூன்று சொல் வேண்டும்.

பழந்தமிழில் சட்டைக்குப் பெயர்ப் பஞ்சமில்லை. முல்லைப்பாட்டு, பாசறையில் காவல் நிற்கும் யவனரை ‘மெய்ப்பை புக்க’ என்று சொல்கிறது. மெய் புகும் பை மெய்ப்பை. அழகான சொல், ஆனால் இன்று கேட்பவருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். கஞ்சுகம் வடமொழி வழி வந்து இலக்கியத்தோடு நின்றது. குப்பாயம் மலையாளத்தில் இன்றும் அன்றாடச் சொல், நம் பேச்சில் மங்கிவிட்டது. சட்டை என்றால் உடம்பின் மேல் நேராகப் போடுவது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அங்கி அப்படியல்ல. பாதிரியார் அங்கி, வழக்கறிஞர் அங்கி, மேலங்கி என எல்லாமே மற்றொரு உடுப்பின் மேல் போடுபவை. அங்கம் என்ற வடசொல்லின் வழி வந்தது என்று சிலர் தயங்கலாம். பழகிய சொல், பொருளும் சரியாக அமைகிறது என்பதால் அதையே பரிந்துரைக்கிறோம்: காற்றைத் தடுப்பது காற்றங்கி, மழையைத் தடுப்பது மழையங்கி, சூட்டைக் காப்பது குளிரங்கி. பொதுவாகச் சொல்ல மேலங்கி போதும்.

இதில் குளிரங்கிக்குத்தான் கூடுதல் விளக்கம் தேவை. அது சூட்டை உண்டாக்குவதில்லை. உடம்பு விடும் சூட்டை, அசையாமல் அடைபட்ட காற்றில் பிடித்துவைக்கிறது. எவ்வளவு காற்று அடைபடுகிறதோ அவ்வளவு கதகதப்பு. அதனால்தான் வாத்து இறகின் அடியில் இருக்கும் மென்தூவி இவ்வளவு மதிக்கப்படுகிறது. தூவியின் தரத்தை ‘ஃபில் பவர்’ என்ற எண்ணால் குறிப்பார்கள். ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் தூவி உப்பி எத்தனை கன அங்குலம் இடத்தை நிரப்புகிறது என்பதே அந்த எண். தமிழில் உப்புதிறன் எனலாம். 550 சாதாரணம், 650 நல்லது, 800 மிக இலேசு, விலையும் அதற்கேற்ப. ஆனால் உப்புதிறன் மட்டும் கதகதப்பைச் சொல்லிவிடாது. உள்ளே எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 800 தூவியில் 50 கிராம் அடைத்த அங்கியைவிட, 650 தூவியில் 130 கிராம் அடைத்தது நிச்சயம் கூடுதல் சூடு தரும்.

தூவியின் பலவீனம் ஈரம். நனைந்தால் கட்டிகட்டியாகச் சுருண்டு, காற்றைப் பிடிக்கும் தன்மையை இழந்துவிடும். நீலகிரியிலும், கொடைக்கானல் இருக்கும் பழனிமலைத் தொடரிலும் இதை மறக்கவே கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் சேர்ந்து எல்லாவற்றையும் ஈரமாக்கும் காலம். அப்போது செயற்கைப் பஞ்சு அடைத்த அங்கியே சரி. நனைந்தாலும் கொஞ்சம் சூடு தரும், சீக்கிரம் காயும். ஒரு சதுர மீட்டருக்கு 60 கிராம் பஞ்சு என்றால் நடப்பதற்குப் போதும். இரவில் உட்கார்ந்திருக்க 100 கிராமுக்கு மேல் பாருங்கள். ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிந்து நீர்ப்பனி உறைபனியாக மாறும் நாள்களில் காற்று காய்ந்திருக்கும். தூவி அங்கிக்கு ஏற்ற பருவம் அதுதான்.

கடையில் கையில் எடுத்ததும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். தையல் கோடுகள் ஓடும் இடத்தில் வெளித்துணியும் உள்துணியும் ஒட்டியே தைக்கப்பட்டிருந்தால் அங்கே பஞ்சே இல்லை. வெளிச்சம் கோடாகத் தெரியும், இரவில் குளிரும் அதே கோட்டில் இறங்கும். மேலே மழையங்கியோ காற்றங்கியோ போட்டால் பெருமளவு சரியாகும். தனியாகப் போடுவதற்கென்றால், இரண்டு துணிக்கும் நடுவே சிறு சுவர் வைத்து அறை அறையாகத் தைத்ததைத் தேடுங்கள். பிறகு உள்ளே ஃபிளீஸ் (மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை) போட்டுக்கொண்டு அளவு பாருங்கள், வெறும் டி-ஷர்ட்டின் மேல் அல்ல. இரண்டு கைகளையும் மேலே தூக்கும்போது இடுப்பு வெளியே தெரியக் கூடாது, மணிக்கட்டு மூடியிருக்க வேண்டும். ஜிப்புக்குப் பின்னால் ஒரு துணிப்பட்டை ஓடுகிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஜிப்பின் பல்லிடுக்கு வழியே காற்று நெஞ்சில் நேராக அடிக்கும்.

மழையங்கிக்குச் சுருக்கமாக: நீர்த்தாங்குதிறன், அதாவது எவ்வளவு உயர நீரின் அழுத்தத்தைத் துணி ஒழுகாமல் தாங்கும் என்ற அளவு, 10,000 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தால் மலைமழைக்குப் போதுமானது. உள்பக்கத் தையல்களின் மேல் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாவிட்டால் ஊசித் துளை ஒவ்வொன்றும் ஒழுகும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை சுமார் 1,900 மீட்டர் ஏற்றம். 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கில், அடிவாரத்தில் 20 டிகிரி இருக்கும்போது மேலே 8க்கு வந்துவிடும். தெளிந்த இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டு இன்னும் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற பள்ளங்களில் புல் வெளுத்துக் கிடப்பது இதனால்தான். எனவே வனத்துறை அனுமதியுள்ள இடத்தில் கூடாரம் போடும்போது ஓடைக்கரைப் புல்வெளியை விட்டுவிட்டுச் சற்று மேட்டில் போடுங்கள். குளிரங்கி பாதி வேலை செய்தாலே போதும் என்றாகும்.

குளிரங்கியைப் போட்டுக்கொண்டு ஏற்றம் ஏறாதீர்கள். பலரும் செய்யும் தவறு இது. வியர்வை அங்கிக்குள் இறங்கி, உச்சியில் நின்றதும் அந்த ஈரமே உடம்பைக் குளிர வைக்கும். ஏறும்போது உள்சட்டையும் காற்றங்கியும் போதும். உள்சட்டை பருத்தியாக இருக்க வேண்டாம், அது வியர்வையைக் குடித்துக்கொண்டு காயவே காயாது. நின்ற அடுத்த நிமிடமே, உடம்பின் சூடு ஆறுவதற்குள், குளிரங்கியை மாட்டுங்கள்.

விறகு அடுப்புப் பக்கம் எச்சரிக்கை. நைலான் துணியில் ஒரு தீப்பொறி பட்டால் மிளகளவு ஓட்டை விழும், அதன் வழியே தூவி ஒவ்வொன்றாகப் பறந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்துக்குத் தோளில் பழைய கம்பளி ஒன்றைப் போர்த்திக்கொள்வது நல்லது. கம்பளி பொறிக்கு உருகாது. வீடு திரும்பியதும் குளிரங்கியை அதன் சிறு பையில் அமுக்கி வைக்காமல், காய வைத்து, அலமாரியில் தொங்கவிடுங்கள். மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த தூவி மறுபடி முழுதாக உப்பாது.