பழைய மடத்துக்கு நன்கொடைக் காசு: கேட்க முதல் தெரிய வேண்டியவை

யாழ்ப்பாணப் பக்கம் ஊருக்கு ஊர் ஒரு பழைய மடம், வழிப்போக்கர் தங்கக் கட்டியது, கிடக்கிறது. பாதி ஓடு விழுந்து, பனஞ் சிலாகையைக் கறையான் தின்று, சுவரில் ஆலங்கன்று முளைத்திருக்கும். கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற யாராவது அதைப் பார்த்துவிட்டு, "இதுகளைத் திருத்த வெளியில காசு குடுக்கினம், நீங்கள் ஏன் கேக்கேல்லை?" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கொடுக்கிறார்கள்தான். போர் முடிந்தபின் யாழ்ப்பாணக் கோட்டையைத் திருத்த நெதர்லாந்து அரசு உதவியது ஊரறிந்த விசயம். ஆனால் கோட்டை அரசாங்கச் சொத்து. கையெழுத்துப் போட ஒரு திணைக்களம் இருந்தது. எங்கள் மடத்துக்கு யார் கையெழுத்துப் போடுவது? பெரும்பாலான விண்ணப்பங்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். இலங்கையின் 1940 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் நடைமுறையில் உள்ளது. 1998 இல் அதில் பெரிய திருத்தம் வந்தது. பழமைக்கு அது வைத்திருக்கும் எல்லைக்கோடு 1815 மார்ச் 2. அது கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன கண்டி உடன்படிக்கை நாள். யாழ்ப்பாணம் 1795 இலேயே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது, ஆனாலும் எங்கள் சுவருக்கும் கண்டிக் கணக்குத்தான். அதற்குப் பிந்திய கட்டடமானாலும் வர்த்தமானியில் 'பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம்' என்று அறிவிக்கலாம். அப்படி அறிவித்த கட்டடத்தைத் திருத்தவோ, மாற்றவோ, கூட்டிக்கட்டவோ தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். காசு உங்களுடையதா, நன்கொடையா என்று சட்டம் பார்ப்பதில்லை.

தொல்பொருள் திணைக்களத்தின் பலகை நட்டால் காணி போய்விடும் என்று இங்கே பலருக்குப் பயம். அந்தப் பயம் ஏன் வந்தது என்று வடக்கில் இருக்கிறவருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. சட்டப்படி மட்டும் பார்த்தால், வர்த்தமானி அறிவிப்பால் காணி உறுதி கைமாறாது. காணியை எடுக்க வேறு நடைமுறை உண்டு. அதேபோல, அறிவித்துவிட்டார்கள் என்பதற்காக அரசாங்கம் செலவைத் தரும் என்றும் இல்லை.

அடுத்த முடிச்சு காணி உறுதி. பல மடங்கள் யாரோ ஒரு முப்பாட்டனார் தரும சாதனம், அதாவது தருமத்துக்கென்று விட்ட பத்திரம், எழுதி வைத்தவை. சாதனம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் தோம்பு என்கிற பழைய காணிப் பதிவேடு, பழைய உறுதி, வில்லங்கப் பத்திரம் என்று தேட வேண்டும். நடுமுற்றம் வைத்த நாற்சார் வீடென்றால் இன்னும் கஷ்டம்: ஒரு பங்கு ரொறன்ரோவில், ஒரு பங்கு லண்டனில், ஒருவர் இறந்துபோய் முதிசம் பிரியாமல் கிடக்கும். எல்லோரிடமும் அவர்களுக்காகக் கையெழுத்திட அற்றோர்ணித் தத்துவம் வாங்கி முடிக்க விண்ணப்பத் திகதி போய்விடும்.

இங்கே ஒரு விதியை நேராகச் சொல்லிவிடுகிறேன். 2001 இல் தொடங்கிய, கலாசாரப் பாதுகாப்புக்கான அமெரிக்கத் தூதுவர் நிதியம் தனியாருக்கும் வியாபார நிறுவனத்துக்கும் சொந்தமான கட்டடத்துக்குக் காசு தராது. பொதுவுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறோம் என்றாலும் போதாது. விண்ணப்பிக்கும்போதே எழுதி முடிந்திருக்க வேண்டும். 10,000 டொலருக்குக் குறைந்த வேலையையும் எடுக்க மாட்டார்கள். காசைப் பெறுவதும் தனிநபராக முடியாது: அமைச்சு, அருங்காட்சியகம், கல்வி நிறுவனம், பதிவுள்ள தொண்டு அமைப்பு என்று ஒன்று வேண்டும். அந்த அமைப்பு அமெரிக்க அரசின் இணையப் பதிவிலும் ஏற வேண்டும். அந்தப் பதிவு இலவசம். "பதிந்து தாறம், இவ்வளவு அனுப்புங்கோ" என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள்.

கோயில்காரர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. எங்கள் ஆக்களுக்குத் திருப்பணி என்றால் பழையதை இடித்துவிட்டுப் புதிதாய்க் கட்டுவது. பன்னிரண்டு வருடத்துக்கொருக்கால் கும்பாபிஷேகம், ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொங்கிறீற்று. பாதுகாப்புக்குக் காசு தருகிறவர்கள் கேட்பது நேர் எதிர்: இருக்கிற கல் இருக்க வேண்டும், இருந்த மாதிரியே இருக்க வேண்டும். வழிபாட்டுத் தலத்துக்கும் உதவி கிடைக்கலாம், ஆனால் அதன் வரலாற்று, கலைப் பெறுமதிக்காக மட்டும். யாகசாலைச் செலவைப் பாதீட்டில் போட்டால் முழு விண்ணப்பத்துக்கும் கெடுதல்.

பொருளிலும் இதே கண்டிப்பு இருக்கும். எங்கள் பழைய சுவர்கள் முருகைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அதன்மேல் சீமெந்து பூசினால் சுவருக்குள் ஈரம் அடைபட்டு, உப்புப் பூத்து, கல்லே மாவாக உதிரும். ஆகவே சுண்ணாம்புதான் எழுத வேண்டும். சுண்ணாம்பு நீற்றி ஊற வைக்கக் கிழமைக்கணக்கில் நாள் போகும். அந்தக் காத்திருப்பையும் வேலைத் திட்டத்தில் காட்டுங்கள். சீமெந்தில் பழகிய மேசன் அவசரப்படுவார்.

இனிப் பாதீடு. 'எதிர்பாராத செலவு' என்று பத்து வீதம் போடுவது எங்கள் வழக்கம். நான் மேலே சொன்ன நிதியம் அந்த வரியை ஏற்காது. வேறு சிலர் ஏற்பார்கள். ஏற்காத இடத்தில், கூரையைக் கழற்றினால் என்ன தெரியும் என்பதை முன்கூட்டியே ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரை ஏற்றிப் பார்த்துக் கணக்கெடுப்பதுதான் வழி. நாணய மாற்றும் விளையாடும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. கணக்கில் ரூபா கூடியதைக் கண்டு மதிலும் கட்டலாம் என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். ஒப்பந்தத்தில் இல்லாத மதிலுக்கு, கொடுத்தவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஒரு கல்லும் வைக்க முடியாது.

நாங்கள் பிடிபட்டது வேறு இடத்தில். ஒருமுறை எங்கள் குழு, காசு உறுதி என்று வாய்ச்சொல் வந்ததும், மாரிக்கு முன் முடிக்கலாமென்று ஓட்டைக் கழற்றத் தொடங்கிவிட்டது. ஒப்பந்தம் கையெழுத்தானது மூன்று கிழமை கழித்து. அந்த மூன்று கிழமைக் கூலியும் லொறிக் காசும் 'ஒப்பந்தத்துக்கு முந்திய செலவு' என்று சிவப்புக் கோடு போட்டுத் திரும்பி வந்தது. பொருளாளர் நான், கடைசியில் குழுவிலிருந்த நாங்களே பங்கு போட்டுக் கட்டினோம்.

அதன்பிறகு சிட்டையில் கண்ணாக இருந்தேன். இதற்கென்று தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. பெரிய சாமானுக்கு மூன்று விலைமனு. சிக்கல் சின்னச் சாமானில்தான் வரும். சுண்ணாம்பு சூளைக்காரரிடம் பில் புத்தகம் இல்லை. பழைய ஓடு விற்ற ஐயாவிடம் பேனாவே இல்லை. இதற்கு நாங்களே ஒரு வவுச்சர் அடித்து வைத்தோம்: திகதி, சாமான், அளவு, தொகை, பெற்றவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. கையெழுத்துத் தெரியாவிட்டால் பெருவிரல், பக்கத்தில் ஒரு சாட்சி. இறக்கிய மூட்டையைத் திகதி தெரியப் படம் எடுத்து அதனோடு குத்தினோம். கூலிச் சிட்டையை அன்றன்று பின்னேரம் மேசன் கை கழுவிவிட்டு வரும்போதே ஒப்பமிடுவித்தோம். கிழமை முடிய எழுதிய சிட்டையில் எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனா மையில் இருக்கும். கணக்காய்வாளர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

காசு பெரும்பாலும் தவணை தவணையாக வரும். முதல் தவணைக்குக் கணக்கும் படமும் போனால்தான் அடுத்தது. அனுப்பி, பார்த்து, விட ஒன்றிரண்டு மாதம் எடுக்கலாம். கூரை திறந்தபடி கிடக்கிற காலமாக அது அமையாமல் பாருங்கள். ஐப்பசி பிறக்க முன் ஓடு ஏற வேண்டுமென்றால், கூரைச் செலவு முழுவதும் ஒரே தவணைக்குள் வரும்படி ஒப்பந்தம் எழுதும்போதே கேட்டுப் போடுங்கள். கையெழுத்தான பிறகு கேட்டால் திருத்த ஒப்பந்தம், திரும்பவும் காத்திருப்பு.