அரேஞ்சர்: இசைக்கோப்பாளர்

ஜாஸ் இசைத்தட்டு உறைகளில், பாட்டை இயற்றியவரின் பெயரோடு அரேஞ்சர் என்று இன்னொருவர் பெயரும் இருக்கும். மெட்டு அவருடையது அல்ல. அந்த மெட்டை எந்தக் கருவி எடுக்க வேண்டும், மற்றவை அடியில் என்ன வாசிக்க வேண்டும், எங்கே எல்லாரும் நிறுத்திவிட்டு ஒருவரை மட்டும் மனம்போல் வாசிக்க விட வேண்டும் என்று முடிவு செய்து, ஒவ்வொரு கலைஞருக்கும் தனித்தனியாகக் குறிப்பு எழுதிக் கொடுப்பவர் அவர்.

சரியான உதாரணம் ஸ்லைடு ஹாம்ப்டன் (1932–2021). டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவியை வாசித்த அமெரிக்கக் கலைஞர். வழக்கத்துக்கு மாறாக இடக்கையால் வாசித்தவர். 1950களின் இறுதியில் எட்டுப் பேர் கொண்ட குழுவை நடத்தத் தொடங்கினார். பெரிய இசைக்குழுவில் பதினாறு, பதினேழு பேர் இருப்பார்கள். எட்டே பேரை வைத்து அந்தக் கனத்தைக் கொண்டுவர, எந்தச் சுரத்தை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பித்தளை ஊதுகருவிகளில், டிராம்பெட்டுக்குக் கீழே, டியூபாவுக்கு மேலே ஒலிப்பது டிராம்போன். அந்த நடு இடத்தில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு உள்குரல்கள், அதாவது மேல்மெட்டுக்கும் அடிச்சுரத்துக்கும் நடுவே ஓடும் இழைகள், நன்றாகக் காதில் விழும். நல்ல அரேஞ்சர்கள் பலர் டிராம்போன்காரர்களாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஹாம்ப்டன் பிற்பாடு ஒன்பது டிராம்போன்களை மட்டும் முன்னணியில் நிறுத்தி ஒரு குழுவே அமைத்தார்!

ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டன் 1940இல் தந்த ‘காட்டன் டெயில்’ பாட்டை டீ டீ பிரிட்ஜ்வாட்டர் பாடியபோது, அரேஞ்ச்மெண்ட்டுக்கான கிராமி விருது 1998இல் ஹாம்ப்டனுக்குக் கிடைத்தது. மெட்டு ஒருவருடையது, குரல் ஒருவருடையது, விருது கோத்தவருக்கு. அது தனிக் கலை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

அப்புறம், சொல்லின் வேர். பழைய பிரெஞ்சில் ‘ராங்’ என்றால் வரிசை. அதிலிருந்து வந்த வினை, முதலில் போருக்குப் படையை வரிசையாக நிறுத்துவதைக் குறித்தது. நம் ‘அணிவகுத்தல்’ போலத்தான். இசைக்கு அந்தச் சொல் வந்தது வெகுகாலம் கழித்து.

தமிழில் என்ன சொல்வது? ‘ஏற்பாட்டாளர்’ பொருந்தவே பொருந்தாது; அது நிகழ்ச்சிக்கு அரங்கம் பிடித்துக் கொடுப்பவரைக் குறிக்கும். ‘ஒழுங்கமைப்பாளர்’ அலுவலகச் சொல். ‘இசையமைப்பாளர்’ என்றால் மெட்டுப் போட்டவரின் இடத்தை இவருக்குக் கொடுத்துவிடுகிறோம். ‘இசைக்கோப்பாளர்’ என்பதே என் தேர்வு. கோத்தல் என்றால், ஏற்கெனவே இருக்கிற மணிகளை இழையில் சேர்ப்பது. இவர் வேலையும் அதுவே. அரேஞ்ச்மெண்ட், இசைக்கோப்பு. பேச்சு வழக்கை ஒட்டி ‘இசைக்கோர்ப்பு’ என்றும் எழுதுகிறார்கள்; கோத்தல்தான் இலக்கண வடிவம்.

டிராம்போனை அப்படியே விட்டுவிடலாம். இத்தாலிய மொழியில் ‘பெரிய ஊதுகொம்பு’ என்று பொருள். கருவிப் பெயரை மாற்றினால் வாசிப்பவருக்கே அடையாளம் தெரியாமல் போகும்.