சமூக ஊடகக் கணக்கு மாறும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது?

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்து வையுங்கள். அ முதல் ஔ வரை பன்னிரண்டு உயிரெழுத்துகளை வரிசையாக எழுதி, அதன் கீழே 1 முதல் 12 வரை எழுதுங்கள். எத்தனை விநாடி ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே இருபத்து நான்கையும் மாற்றி மாற்றி எழுதிப் பாருங்கள்: அ, 1, ஆ, 2, இ, 3 என்று. எழுத வேண்டியது ஒன்றுகூட அதிகமாகவில்லை. ஆனால் நேரம் அதிகமாகியிருக்கும். 'எ'வைத் தாண்டும் இடத்தில் பேனா ஒரு கணம் நின்று, அடுத்தது எந்த எழுத்து, எந்த எண் என்று தேடியிருக்கும்.

இந்தச் சின்னப் பயிற்சியை நான் செய்து பார்த்ததற்குக் காரணம் என் கையில் இருக்கும் ஐந்து கணக்குகள். என் சொந்த ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் ஃபேஸ்புக் பக்கம். அக்காவின் தையல் கடைக்கு ஒரு இன்ஸ்டாகிராம், ஒரு யூடியூப் சேனல். பதிவு எழுதுவதில்தான் மாலை நேரமெல்லாம் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் நோட்டில் குறித்து வைத்தபோது வேறு விதமாகத் தெரிந்தது. எழுதுவதற்கு ஆன நேரம் கொஞ்சம்தான். திறப்பது, பார்ப்பது, இன்னொன்றுக்கு மாறுவது, எதற்கு வந்தோம் என்று யோசிப்பது, இவற்றில்தான் மீதி எல்லாம் போயிருந்தது.

வேலை மாறினால் நேரம் விரயமாகும் என்பதை ஆர்தர் ஜெர்சில்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1927இலேயே அளந்து பார்த்தார். ஒரே விதமான எண் கணக்கை வரிசையாகப் போடும்போது ஆனதைவிட, இரண்டு விதமான எண் கணக்குகளை மாற்றி மாற்றிப் போடும்போது அதிக நேரம் ஆனது. 1995இல் ராபர்ட் ரோஜர்ஸ், ஸ்டீஃபன் மான்செல் இருவரும் இதை இன்னும் நுணுக்கமாகச் சோதித்தார்கள். திரையில் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் சேர்ந்து தோன்றும். இரண்டு முறை எழுத்தைப் பார்த்து உயிரா மெய்யா என்று சொல்ல வேண்டும். அடுத்த இரண்டு முறை எண்ணைப் பார்த்து ஒற்றையா இரட்டையா என்று சொல்ல வேண்டும். எப்போது மாறப்போகிறது என்பது பங்கேற்றவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். இருந்தும் மாறும் இடத்தில் ஒவ்வொரு முறையும் பதில் தாமதமானது. தயாராக ஒரு விநாடிக்கு மேல் அவகாசம் கொடுத்தபோது தாமதம் குறைந்தது, முழுதாகப் போகவில்லை.

ஒவ்வொரு வேலைக்கும் மூளை ஒரு விதித்தொகுப்பை ஏற்றி வைத்துக்கொள்கிறது. எதைக் கவனிக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும், எதற்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் அடங்கும். வேலை மாறும்போது புதிய தொகுப்பு ஏற வேண்டும், பழையது அடங்கவும் வேண்டும். உயிரா மெய்யா என்ற கேள்விக்கே இவ்வளவு என்றால், சமூக ஊடகக் கணக்குகளை நினைத்துப் பாருங்கள். தையல் கடைக் கணக்கில் "பிளவுஸ் தைக்க எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்பவருக்கு மரியாதையாக, சுருக்கமாக, விலையோடு பதில் சொல்ல வேண்டும். வாசகர் வட்டத்தில் ஒரு கருத்து மோதலுக்கு நடுவே நிதானமாகப் பேச வேண்டும். சொந்தக் கணக்கில் நண்பனை "டேய்" என்று அழைக்கலாம். ஆள், தொனி, நோக்கம் மூன்றும் ஒரே தட்டலில் மாறுகின்றன.

பாதியில் விட்டுவந்த வேலை இன்னும் மோசம். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் கவனத்தின் எச்சம் என்று சொல்லலாம். முதல் வேலை முடியாமல் இரண்டாவதுக்குப் போனால், மனத்தின் ஒரு பகுதி முதலாவதிலேயே தங்கிவிடுகிறது. இரண்டாவது வேலை அதனால் தரம் குறைகிறது. கோபமான ஒரு கமெண்டைப் படித்துவிட்டுப் பதில் போடாமல் அடுத்த கணக்குக்குப் போன எவருக்கும் இது புரியும்.

சரி, இவ்வளவு செலவு இருந்தும் கை ஏன் சும்மா இருப்பதில்லை? இங்கேதான் கணக்குகளின் எண்ணிக்கை தன் வேலையைக் காட்டுகிறது. ஒரு கணக்கைத் திறக்கும்போது புதிதாக ஏதாவது இருப்பதற்கு நூற்றுக்கு 20 வாய்ப்பு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரே கணக்கு என்றால் ஐந்து முறையில் நான்கு முறை ஏமாற்றம்தான். அலுத்துப்போய் போனைக் கீழே வைத்துவிடுவோம். ஐந்து கணக்குகளையும் சுற்றி வந்தால், ஏதோ ஒன்றிலாவது புதியது இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 67 ஆகிவிடுகிறது. எப்போது, எதில் என்று மட்டும் தெரியாது. இப்படி நிச்சயமில்லாமல், ஆனால் அடிக்கடி கிடைக்கும் பரிசு ஒரு பழக்கத்தை எவ்வளவு உறுதியாக்கும் என்பதை ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துக் காட்டினார். எப்போது தானியம் விழும் என்று தெரியாத புறா, பொத்தானை விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். எனவே கணக்குகளைக் கூட்டும்போது வேலை மட்டும் கூடுவதில்லை, எட்டிப் பார்க்கும் ஆசையும் சேர்ந்து கூடுகிறது.

நேரம் போவதோடு தவறும் நடக்கும். ஆங்கிலத் தட்டச்சில் இருக்கிறது என்பதைக் கவனிக்காமல் தமிழில் ஒரு முழு வரி அடித்து, நிமிர்ந்து பார்த்தால் குப்பையாக இருந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. விரல் செய்தது சரி, கருவி இருந்த நிலை வேறு. டொனால்ட் நார்மன் என்ற ஆய்வாளர் 1981இல் மனிதப் பிழைகளை வகைப்படுத்தியபோது இந்த நிலைப்பிழையையும் அதில் சேர்த்தார். ஒரே ஆப்புக்குள் பல கணக்குகள் என்பது இந்தப் பிழைக்கென்றே செய்துவைத்த ஏற்பாடு. 2011 பிப்ரவரியில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ட்விட்டர் கணக்கில், நண்பர்களோடு பீர் குடிப்பது பற்றி ஒரு பதிவு வந்தது. ஹூட்சூட் என்ற கருவி மூலம் பல கணக்குகளை ஒரே இடத்தில் கவனித்துவந்த ஊழியர் ஒருவர் சொந்தக் கணக்கு என்று நினைத்துப் போட்டது அது. சங்கம் அதை நீக்கிவிட்டு, நாங்கள் நிதானமாகத்தான் இருக்கிறோம் என்று நகைச்சுவையாகச் சொல்லி நிலைமையைச் சமாளித்தது. எல்லாருக்கும் அப்படி அமையாது. அதனால் சொந்தக் கணக்கை போன் ஆப்பிலும், மற்றவர்களுக்காகப் பார்க்கும் கணக்குகளைக் கணினி பிரவுசரிலும் வைத்திருக்கிறேன். இடம் மாறுவதே மூளைக்கு ஒரு அடையாளம் ஆகிறது.

நேரத்தைக் காப்பாற்ற நான் கண்ட வழி, போடுவதையும் பார்ப்பதையும் பிரித்துவிடுவது. பார்ப்பதைத் தவணைகளாக வைத்துக்கொள்ளலாம். 2019இல் வெளியான ஒரு ஆய்வில் 237 பேரின் போன் நோட்டிபிகேஷன்களை இரண்டு வாரம் மாற்றி அமைத்தார்கள். நாளுக்கு மூன்று முறை மொத்தமாகப் பெற்றவர்கள் கவனமும் மனநிலையும் மேம்பட்டதாகச் சொன்னார்கள். அறவே நிறுத்தப்பட்டவர்களுக்கோ, எதையோ தவறவிடுகிறோம் என்ற பதற்றம் கூடியது. இந்த இரண்டாவது முடிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. எல்லாவற்றையும் அணைத்துவிடு என்று அறிவுரை சொல்பவர்கள் அதைக் கவனிப்பதில்லை.

போடுவதற்கு ஷெட்யூல் செய்யும் வசதி, அதாவது பதிவு தானாக வெளியாக வேண்டிய நேரத்தை முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதி, இருக்கிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் அவற்றை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் மெட்டா பிசினஸ் சூட், வீடியோவுக்கு யூடியூப் ஸ்டூடியோ இருக்கின்றன. பல தளங்களுக்கும் சேர்த்துப் போட பஃபர், ஹூட்சூட் போன்ற வெளிக் கருவிகள் உண்டு. வெளிக் கருவியிடம் நம் பாஸ்வேர்டைக் கொடுப்பதில்லை. டோக்கன் என்ற அனுமதிச் சீட்டைத்தான் கொடுக்கிறோம். ஆவின் பால் அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அட்டையைக் கொண்டுவருபவர் யாரானாலும் அதில் எழுதியுள்ள பால் மட்டும் கிடைக்கும், அந்த மாதத்துக்கு மட்டும் கிடைக்கும். வீட்டுச் சாவி நம்மிடமே இருக்கும். டோக்கனும் அப்படித்தான். எதைச் செய்யலாம், எத்தனை நாள் செல்லும் என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது. நேரம் வந்ததும் கருவியின் சர்வர், வரிசையில் உள்ள பதிவையும் டோக்கனையும் சேர்த்துத் தளத்துக்கு அனுப்புகிறது. மெட்டாவின் நீண்டகாலப் பயனர் டோக்கன்களுக்கே சுமார் 60 நாள்தான் ஆயுள். ஷெட்யூல் செய்த பதிவு ஒருநாள் திடீரென்று போகாமல் நின்றால், முதலில் கணக்கை மறுபடி இணைத்துப் பாருங்கள்.

இப்படி நேரம் குறித்துக் காத்திருக்கும் பதிவுகளின் வரிசைக்கு வெளியுலகம் தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது, வாசகர் வட்டப் பக்கத்தில் "மழை மாலையில் சூடான தேநீரோடு படிக்க ஐந்து புத்தகங்கள்" என்ற பதிவு, முந்தைய வாரமே ஏற்றி வைத்தபடி, காலை 9 மணிக்கு வெளியானது. எங்கள் உறுப்பினர்களில் சிலர் இடுப்பளவு தண்ணீரில் இருந்தார்கள். என்னிடம் மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை. அதை நீக்க மறுநாள் ஆனது. அவர்கள் ஒவ்வொருவரிடமும் நேரில் வருத்தம் சொன்னேன். இப்போது அந்தக் கணக்கின் அனுமதி வேறு ஊரில் இருக்கும் இன்னொருவரிடமும் இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால், மெழுகுவத்தி வாங்கப் போவதற்கு முன் நாங்கள் வரிசையைக் காலி செய்துவிடுகிறோம்.