ஐந்து பேக்கப் இருந்தும்

2017 ஜனவரி 31, இரவு நேரம். மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில் துணை டேட்டாபேஸ் சர்வர் ஒன்று மக்கர் செய்துகொண்டிருந்தது. அதிலிருந்த தரவை அழித்துவிட்டு, முதன்மை சர்வரிலிருந்து புதிதாக நகல் எடுக்க முடிவுசெய்தார் பொறியாளர் ஒருவர். அழிக்கும் கட்டளையைத் தட்டிய ஒன்றிரண்டு நொடியில் அவருக்கு உறைத்தது: தட்டியது முதன்மை சர்வரில்! நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது.

சரி, பேக்கப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், அதில்தான் கதையே இருக்கிறது. டேட்டாபேஸ் முழுவதையும் தினமும் கோப்பாக எழுதி அமேசானின் கிளவுட் சேமிப்பகமான எஸ்3-க்கு அனுப்பும் ஏற்பாடு ஒன்று இருந்தது. அங்கே ஒரு கோப்புகூட இல்லை. ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரஸ் 9.6-ஆம் பதிப்பு, நகலெடுக்கும் கருவியோ 9.2. பதிப்பு ஒத்துவராததால் அந்த வேலை ஒவ்வொரு முறையும் பிழை காட்டி நின்றிருக்கிறது. தகவல் சொல்ல மின்னஞ்சலும் போயிருக்கிறது. ஆனால் அனுப்புநரை உறுதிசெய்யும் கையொப்பம் இல்லாததால், பெறும் பக்கம் அதைத் தள்ளிவிட்டது. யாருக்கும் தெரியவில்லை. கிளவுட் வட்டுகளின் அந்த நேரத்து நிலையை அப்படியே பதிந்து வைக்கும் 'ஸ்னாப்ஷாட்' வசதி டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இயக்கப்படவே இல்லை. ஐந்து ஏற்பாடுகளில் ஒன்றுகூட நம்பும்படி இல்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள்.

காப்பாற்றியது தற்செயல். அதே பொறியாளர் வேறொரு சோதனைக்காக 6 மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்திருந்த நகல்தான் கடைசியில் கைகொடுத்தது. அந்த இடைவெளியில் சேர்ந்த சுமார் 5,000 திட்டங்களின் பதிவுகளும் 700 பயனர் கணக்குகளும் போனது போனதுதான்.

பேக்கப் திட்டம் போடுகிறவர்கள் முதலில் கேட்கும் இரண்டு கேள்விகளும் இங்கே ஒளிந்திருக்கின்றன. எவ்வளவு நேரத்துத் தரவை இழக்கலாம்? எவ்வளவு நேரம் மூடிக் கிடக்கலாம்? நாளுக்கு ஒரு பேக்கப் என்றால், ஒரு நாள் வேலை போனாலும் பரவாயில்லை என்று நிறுவனம் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். கணக்குப் பிரிவைக் கேட்டால் ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. 10 டெராபைட்டை விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் கிளவுடிலிருந்து இறக்க, முழு வேகத்தில் இடைவிடாமல் ஓடினாலும் 9 நாளுக்கு மேல் ஆகும்.

'எங்களிடம் இரண்டு சர்வர் ஒன்றையொன்று பார்த்து ஓடுகிறது, பேக்கப் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. அது கண்ணாடி மாதிரி. இங்கே அழிந்தால் சில நொடியில் அங்கேயும் அழியும். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா வைரஸ் தாக்கியபோது கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் இதை முழுசாக அனுபவித்தது. ஊழியர்களின் கணக்குகளையும் அனுமதிகளையும் நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் உலகெங்கும் இருந்தன. ஒன்று போனால் மற்றவை இருக்கும் என்ற நம்பிக்கை. எல்லாம் ஒரேயடியாக அழிந்தன. கானாவில் மட்டும் தாக்குதலுக்கு முன்பே கரண்ட் போயிருந்ததால், அங்கிருந்த ஒன்று பிழைத்தது. அதன் தரவை இணையம் வழியாக அனுப்பப் பல நாள் ஆகும் என்பதால், ஹார்ட் டிஸ்க்கை விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த மின்தடை செய்ததைத் திட்டமிட்டுச் செய்வதுதான் ஆஃப்லைன் நகல். தரவுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்பது பழைய விதி. நெட்வொர்க்கிலிருந்து துண்டித்த பிரதி, அல்லது குறிப்பிட்ட காலம்வரை நிர்வாகியாலும் அழிக்க முடியாத பிரதி ஒன்றையும் இப்போது சேர்த்துக்கொள்கிறார்கள். 'வேறு ஊர்' என்றால் பக்கத்துக் கட்டடம் இல்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்தபோது, தரவும் அதன் பேக்கப்பும் ஒரே வளாகத்தில் இருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

கிட்லேப் விஷயத்தில் என்னை அதிகம் உறுத்துவது அந்த வராத மின்னஞ்சல். 'தப்பு நடந்தால் சொல்லு' என்று அமைத்தால், சொல்லும் வாயே அடைபட்டால் தெரியாது. 'நல்லபடியாக முடிந்தது' என்ற செய்தி காலை 6 மணிக்குள் வராவிட்டால் அலாரம் அடிக்கும்படி, வேறொரு சர்வரில் அமைப்பது மேல். அப்புறம், மாதம் ஒரு முறையாவது பேக்கப்பை ஒரு வெற்று சர்வரில் ரீஸ்டோர் செய்து, கடைசிப் பதிவு எந்தத் தேதியில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் குறித்துக்கொள்ளலாம். எதை முதலில் எழுப்புவது, பாஸ்வேர்டுகள் எங்கே, யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் எழுதிய மீட்புத் திட்டம் பல அலுவலகங்களில் அதே சர்வரில்தான் கிடக்கிறது. அதைத் தாளில் அச்சடித்து வைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.